பஸ் ஸ்டாண்டில் சிரிக்கும் நான்

டப்ளினில் வேலைக்குப் போகும் டிராமில் பல நாள் என் எதிரே நானே சிரித்துக்கொண்டிருக்கிறேன். நான் படித்த டேட்டா அனலிடிக்ஸ் முதுகலைப் படிப்பின் விளம்பரம் அது. பட்டமளிப்பு அன்று எடுத்த படம். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: சான்றுகளைக் கொண்டு முடிவெடுக்கும் தலைவர்களை உருவாக்குவதே எங்கள் நோக்கம். அந்தத் தலைவர் சூப்பர் மார்க்கெட்டில் பால் பாக்கெட் அடுக்கப் போய்க்கொண்டிருக்கிறார். பார்க்கக் கூசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கண்ணாடியிலும் அந்த முகமே தெரியும்.

படிப்பில் பொய் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு ஆளை வைத்து ஊரையே எடைபோடாதே என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். படிப்பின் நோக்கத்தை விளக்கும் இணையப் பக்கத்திலும் வேலை தருகிறோம் என்ற பேச்சே கிடையாது. தயார்படுத்துகிறோம், வழி திறக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தப் பக்கத்தின் உச்சியில் ஒரே ஒரு ஆளின் படம்தான் இருக்கிறது. அந்த ஆள் நான்.

படம் சங்கரன்கோவிலுக்கும் போய்விட்டது. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு ஒருவர் அதைப் பெரிய பிளக்ஸாக அடித்து, ‘படித்தால் வேலை உறுதி’ என்று சேர்த்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டிவிட்டார். பூ வாங்கப் போன அம்மா தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறாள். அங்கியின் மேல் தொங்கிய பட்டை அவள் கண்ணுக்கு மாலையாகத் தெரிந்திருக்கிறது.

“எய்யா, கண்ணீர் அஞ்சலின்னுல்லா நெனச்சிட்டேன். கை கால் ஓடல. நல்லா இருக்கியாய்யா?”

“நல்லா இருக்கேம்மா” என்றேன். சொன்ன எனக்கே அதில் சந்தேகமாக இருந்தது.

படத்தை எடுத்துவிடச் சொல்லி பல்கலைக்கழக விளம்பரப் பிரிவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அதைப் பார்த்து அம்மா அழுதாள் என்றேன். “எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார்கள்!” என்று அவளும் கண் கலங்கினாள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் யார் யார் முகம் பிளக்ஸில் ஏறும் என்று அவளுக்கு விளக்க என் ஆங்கிலம் போதவில்லை.

அடுத்து, அம்மாவிடம் நம்பர் வாங்கி மாடசாமி அண்ணாச்சி கூப்பிட்டார். ஊரில் விசைத்தறி வைத்திருப்பவர். தறிகளை விற்று மகள் செல்வியை இதே படிப்புக்கு அனுப்பப் போகிறாராம்.

“அண்ணாச்சி, தறிய வித்துராதீங்க. எனக்கே படிச்ச வேல கெடைக்கல. கடையில பால் பாக்கெட் அடுக்குதேன்.”

அவர் சிரித்தார். “கண்ணு பட்டுரும்னு மறைக்கியாலே மக்கா? நல்லா இருக்கவன் எவன் வெளிய சொல்லுதான்? ஒன் மொகத்த நம்பித்தாம்லே அனுப்புதேன்.”

எங்கள் ஊரில் வசதி வந்தவர்கள் இப்படித்தான் பஞ்சப்பாட்டுப் பாடுவார்கள். நான் சொன்ன உண்மையே அவருக்குச் சான்றாகிவிட்டது. தறிகள் போயின.

செல்வி வந்திறங்கிய அன்று கடைச் சீருடையோடு விமான நிலையத்துக்கு ஓடினேன். அவள் என்னை நேரில் பார்த்ததில்லை. கையை ஆட்டினேன். என்னைப் பார்த்தாள், தாண்டிப் போனாள். பெட்டியை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினாள். பின்னாலேயே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பியவள் என் சீருடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டாள்.

“அண்ணன் வரலையா?”