ரௌஷன் பலகையைக் கழற்றாத கதை

ரௌஷனுக்கு வாய் கொஞ்சம் நீளம். கஜகஸ்தானில் கரகண்டாவை ஒட்டிய எங்கள் சுரங்க ஊர்ச் சந்தையில், பழைய சரக்குப் பெட்டகங்களை வரிசையாக நிறுத்திக் கடைகளாக்கியிருக்கிறார்களே, அதில் ஒன்று அவளுடையது. வாசலுக்கு மேலே தகரப் பலகை. ‘ரௌஷன். எதுவானாலும் சரிசெய்து தரப்படும்.’ அந்த ‘எதுவானாலும்’ வேண்டாமே என்று பலகை எழுதியவர்கூடச் சொல்லிப் பார்த்தார். கேட்கிற ஆளா அவள்?

சும்மா வந்த திமிர் இல்லை அது. இளவயதிலேயே சுரங்கத்து விளக்கறையில் வேலைக்குச் சேர்ந்தவள். பூமிக்குள் இறங்குகிற ஒவ்வொருவன் தலைவிளக்கும் அவள் கையைத் தாண்டித்தான் போகும். அவள் கொடுத்த விளக்கு உள்ளே அணைந்துபோனது என்று ஒருத்தன் வந்து நின்றதில்லை. பிறகு சுரங்கத்தை மூடினார்கள். வேலை தேடி ரஷ்யா போன புருஷன், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டதாகப் போனில் சொன்னான். ரௌஷன் அழுதாள், நன்றாகவே அழுதாள். அழுது முடித்ததும் பெட்டகத்தை வாடகைக்கு எடுத்தாள். பலகையில் தன் பெயரை மட்டும் போட்டாள். குடும்பப் பெயர் இல்லை, புருஷன் பெயர் இல்லை. காற்றடித்தால் இடது பக்கத் திருகு தளர்ந்து அந்தப் பலகை கடகடக்கும். அந்தச் சத்தம்கூட அவளுக்குப் பிடிக்கும்.

அப்படிப்பட்ட பலகைக்குத்தான் அந்தக் குளிர்காலத்தில் ஆபத்து வந்தது. கொண்டுவந்தது குல்ஸிபாவின் இண்டக்ஷன் அடுப்பு.

குல்ஸிபா பஸ் நிலையத்தில் சக்கரம் வைத்த ஒரு சின்ன வண்டி அறை போட்டு, டாக்சிக்காரர்களுக்கு ஆட்டுக்கறி சொர்பா சூப்பும், பவுர்சாக் என்கிற பொரித்த ரொட்டியும் விற்கிறவள். கேஸ் சிலிண்டரோடு மல்லுக்கட்டி அலுத்து, இலையுதிர் காலத்தில் இந்த அடுப்பை வாங்கினாள். மார்கழிக் குளிர் இறுகியதும் அடுப்பு படுத்துவிட்டது. காலையில் பொத்தானை அழுத்தினால் ‘ஈ மூன்று’ என்று சிவப்பாகக் காட்டிவிட்டுக் கத்தும். கண்ணாடிக்கு அடியில் சூடு பார்க்கிற சென்சார் கெட்டுவிட்டது என்பதற்கு அடையாளம் அது.

அடுப்பைப் போர்வையில் சுற்றி, பனிச்சறுக்கு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு குல்ஸிபா கடைக்கு வருவாள். வந்தவளை நிற்கவைத்தா விவகாரம் பேசுவார்கள்? அடுப்பை ஹீட்டர் பக்கம் வைத்துவிட்டு முதலில் பால் டீ. எங்கள் ஊரில் கோப்பையைப் பாதிதான் நிரப்புவோம், திரும்பத் திரும்ப ஊற்றுவோம். விளிம்புவரை ஊற்றிவிட்டால் ‘குடிச்சுட்டுக் கிளம்பு’ என்று அர்த்தம். ரௌஷன் கடையில் யாருக்கும் நிறைகோப்பை கிடைத்ததில்லை. இருவரும் ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்த்த பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுப்பாள்.

முதல் தடவை சென்சாரையே மாற்றினாள். அடுப்பு ஜோராக எரிந்தது. மறுநாள் காலை பழைய கதை. இரண்டாம் தடவை சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவே புதுப் பசை தடவினாள், உள்ளே சர்க்யூட் போர்டின் ஈயப்பற்றை எல்லாம் புதிதாக வைத்தாள். வண்டிக்குக் கொண்டுபோன அன்று சொர்பா கொதித்தது. மறுநாள் காலை மறுபடி சிவப்பு.

மூன்றாம் தடவை குல்ஸிபா டீக்கு உட்காரவில்லை. சந்தை நடுவில் நின்று கத்தினாள்.

“ஒரு நாளைக்கு மட்டும் எரியுற மாதிரி ரிப்பேர் பண்ண எங்கடி கத்துக்கிட்ட? தினம் தினம் பட்டினியா திரும்பிப் போறானுங்க என் டாக்சிக்காரப் பசங்க!”

எதிர்க்கடை சபர்காலிக்கு வாயெல்லாம் பல். அவரும் ரிப்பேர்க்காரர்தான். ரௌஷனின் பெட்டகத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

“விடு குல்ஸிபா. ‘எதுவானாலும்’னுதான் எழுதியிருக்கு. ‘எத்தனை நாளைக்கு’ன்னு எழுதலையே!”

கூட்டம் சிரித்தது. ரௌஷனுக்குக் காது சூடாகிவிட்டது.

“நாளைக்குக் காலைல உங்க வண்டிக்கே வரேன் அக்கா. அங்கயே சரிபண்றேன். முடியலைன்னா இந்தப் பலகைய நானே கழட்டிடறேன்.”

“நீ எதுக்குச் சிரமப்படணும்?” என்றார் சபர்காலி. “திருப்புளியோட நானே வரேன்.”

விடியும்போது மைனஸ் முப்பது. மூச்சு விட்டால் இமையில் பனி கட்டியது. ரௌஷன் மின்சாரம் அளக்கும் மீட்டரைக் கோட்டுக்குள், மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். குளிரில் விட்டால் அதில் எண்கள் மங்கிப்போகும். வண்டி அறைக்குள் ஹீட்டர் கிடையாது. அடுப்போடு அதையும் போட்டால் ஃபியூஸ் போய்விடும். அடுப்பு ராத்திரி முழுக்க அங்கேதான் கிடந்தது. டாக்சிக்காரர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். சபர்காலி சொன்னபடி திருப்புளியோடு வந்திருந்தார்.

பொத்தானை அழுத்தினாள். ஈ மூன்று.

பிளக்கைப் பிடுங்கி, அடுப்பைக் கவிழ்த்து, அடிமூடியைத் திறந்தாள். சென்சார் வயரைக் கழற்றி மீட்டரை வைத்தாள். கம்பி அறுந்தால் என்ன காட்டுமோ அதையே காட்டியது மீட்டர்.  போன தடவை கடையில் தன் கண்ணால் பார்த்துப் பூட்டிய சென்சார் ஆயிற்றே! பலகை போய்விட்டது என்றே நினைத்தாள். அடுத்து யார் பெயர் அங்கே ஏறும் என்பதுகூட மனசில் ஓடியது.

“என்னம்மா, கழட்டட்டுமா?” என்றார் சபர்காலி.

 அவள் சென்சாரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கக் கையுறையைக் கழற்றி, மணியளவே இருந்த அதை இரண்டு விரலால் பிடித்தாள். மீட்டரில் ஓர் எண் முளைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. கையை எடுத்தாள். எண் ஏறி ஏறி, மறுபடி மறைந்தது. வாயால் ஊதினாள். திரும்ப வந்தது.

ரௌஷன் வெடித்துச் சிரித்தாள். மீட்டருக்குக் குளிரும் என்று தெரிந்து மாரோடு அணைத்து வந்தவளுக்கு, அடுப்புக்கும் குளிரும் என்று இத்தனை நாள் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? கடைக்கு வந்தபோதெல்லாம் ஹீட்டர் பக்கம் உட்காரவைத்து, இவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அதற்கும் குளிர் விட்டுப்போயிருக்கிறது.

“பொண்ணுக்குப் புத்தி பிசகிடுச்சு” என்றார் ஒரு டாக்சிக்காரர்.

ரௌஷன் மளமளவென்று வயரை மாட்டி, மூடியைப் பூட்டி, அடுப்பை நிமிர்த்தினாள். “அக்கா, அந்த ஃப்ளாஸ்க்ல டீ சூடா இருக்கா?”

“இருக்கு. குடிக்கிற நேரமாடி இது?”

“குடிக்க இல்ல. சட்டியில ஊத்துங்க.”

“என் சொர்பா சட்டியிலயா? பால் டீயையா? ஆட்டுக்கறி வேகுற சட்டிடி அது!”

“ஊத்துங்கக்கா!”

குல்ஸிபா திட்டிக்கொண்டே ஊற்றினாள். ரௌஷன் ஆவி பறக்கும் சட்டியைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“இப்ப என்ன பூஜையா நடக்குது?” என்றார் சபர்காலி.

“சென்சார் உறைஞ்சுபோச்சு அண்ணே. இந்தக் குளிர்ல அது பேச்சு மூச்சில்லாம கெடக்கு. கம்பி அறுந்துபோச்சுன்னு அடுப்பு பயந்துக்குது. கொஞ்சம் சூடு காட்டுனா பேசும்.”

 சட்டி ஆறிக்கொண்டிருந்தது. ரௌஷன் பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினாள். ஈ மூன்று. சபர்காலி திருப்புளியைச் சுழற்றினார். அவள் மனசுக்குள் தெரிந்த துஆ எல்லாம் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினாள்.

‘பீப்’ என்றது. சிவப்பு எழுத்து இல்லை. உள்ளே விசிறி ரீங்காரம் போட்டது. சட்டி ஓரத்தில் டீ முணுமுணுக்கத் தொடங்கி, நுரைத்து, பொங்கியே விட்டது. டாக்சிக்காரர்கள் விசிலடித்தார்கள். குல்ஸிபா அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள்.

“இனிமே காலைல வரும்போது வீட்டுலேருந்து வெந்நீர்ப் பை ஒண்ணு கொண்டாங்க. கண்ணாடி மேல கொஞ்ச நேரம் வைங்க. அவ்வளவுதான்” என்றாள் ரௌஷன்.

“என் முட்டிவலிக்கு வச்சிருக்கேனே, அதையா?”

“அதையேதான். முதல்ல அடுப்புக்கு, அப்புறம் உங்க முட்டிக்கு.”

மத்தியானம் சொர்பா தீர்ந்தபின், டாக்சிக்காரர்கள் சபர்காலியை விடவில்லை. திருப்புளியோடு வந்த மனுஷன் வெறுங்கையோடு போகலாமா என்று சந்தைவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். ரௌஷன் ஸ்டூலை எடுத்துப் பலகைக்கு அடியில் போட்டாள்.

“ஏறுங்க அண்ணே. இடது பக்கத் திருகு ரொம்ப நாளா தளர்ந்து கெடக்கு.”

அவர் ஏறினார். வேறு வழியில்லை. முழுச் சந்தையும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த திருகை இறுக்க இறுக்க முடுக்கினார். பலகையை ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை.

“வந்தது வந்தீங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க” என்றாள் ரௌஷன்.

முகம் தெளிந்து, உள்ளே வந்து ஹீட்டர் பக்கம் உட்கார்ந்தார். அவள் கோப்பையை எடுத்து ஊற்றினாள். பாதி வந்தது, நிற்கவில்லை. முக்கால் வந்தது, நிற்கவில்லை. விளிம்பில் தளும்பும்வரை ஊற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் இரு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டினாள்.