மாதாவின் பீடத்துக்குள் ஒரு சின்ன மின்மாற்றி

"ஒக்டோபர், முதல் ஞாயிறு, பின்னேரம். 12 வோல்ட் 1 அம்பியர் காணாது. 2 அம்பியர் வேணும். உயரம் நாலு சென்ரிமீற்றருக்குள். வட்டமானது பொருந்தும். செவ்வாய் வரும். அதுவரைக்கும் பூட்ட வேண்டாம்."

இது அம்மா எழுதியது. அதன் கீழே வேறு பேனையில் அப்பாவின் தமையனான பெரியப்பாவின் எழுத்து: "அவசியமில்லை."

தாளில் ஆண்டு இல்லை. பின்பக்கத்தில் என் ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்குகள் இருப்பதால் அப்போது எனக்குப் பதினொரு வயது என்று கொள்கிறேன். சென்ற மாதம் பெரியப்பாவின் பழைய செபப் புத்தகத்துக்குள் இருந்து இந்தத் தாள் என் கைக்கு வந்தது. அந்த ஒற்றைச் சொல்லைப் படித்தபோது மூண்ட கோபம் இன்னும் அடங்கவில்லை.

செபமாலை மாதமான ஒக்டோபரில் எங்கள் மாதா சுரூபம், நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் எசன் நகரிலும் பக்கத்துக் கெல்சென்கிர்ச்சனிலும் வீடு வீடாகப் போகும். போவது காரின் முன் ஆசனத்தில், ஆசனப் பட்டி போட்டுக்கொண்டு. பீடம் ஒரு விரல் உயர்ந்தாலும் கிரீடம் கார்க் கூரையில் இடிக்கும். அந்தப் பீடத்துக்குள்தான் ஒளிவட்ட விளக்குகளுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் மின்சாரம் கொடுக்கும் சாதனத்தை அடக்க வேண்டும். கடையில் விற்கும் அடாப்டரைப் போட்டால் பாட்டில் இரைச்சல் வந்தது. அதனால் அம்மா மின்மாற்றி வைத்துத் தானே ஒன்றைச் செய்தார். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். இங்கே அந்தச் சான்றிதழை எவரும் ஏற்கவில்லை. அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பீடத்துக்குள் அடங்கும் என்று பெரியப்பா வாங்கி வந்தது சின்ன மின்மாற்றி. பாட்டுச் சத்தம் ஏறினால் ஒளிவட்டம் மங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவர் மீற்றரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பதினாறு வோல்ட் காட்டுது. பேந்தென்ன குறை?"

"சுமை இல்லாமல் அளந்தால் எல்லாம் நல்லாத்தான் காட்டும் அண்ணை. இப்ப பாட்டைப் போட்டிட்டு அளவுங்கோ."

முள் பத்துக்கு இறங்கியது. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி எடுக்கும்போது, விளக்கும் பாட்டும் கேட்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மின்மாற்றி கொடுக்க வேண்டும் என்று அம்மா விளக்கினார். பெரியப்பா மின்மாற்றியைத் தட்டிக் காட்டினார்.

"இதில ஒரு அம்பியர் எண்டு வெள்ளைக்காரன் எழுதியிருக்கிறான். அவனைவிட உமக்குத் தெரியுமோ?"

அகலமான, ஆனால் தட்டையான வட்ட மின்மாற்றி ஒன்றுக்கு அம்மா ஓடர் கொடுத்தார். இந்தத் தாளை எழுதிப் பீடத்தின் மூடியில் ஒட்டிவைத்தார்.

திங்கட்கிழமை மாதா போக வேண்டிய வீடு, கெல்சென்கிர்ச்சனில் இலத்திரனியல் திருத்தகம் வைத்திருந்த ஒருவருடையது. தன் வேலையை அவர் ஒருமுறை பார்த்தால் போதும், அங்கே ஓர் இடம் கிடைக்கும் என்று அம்மா நம்பியிருந்தார். அதனால் இந்தமுறை மாதா விளக்கில்லாமல் போகட்டும், செவ்வாய் வட்டமானதைப் போட்டபின் தானே கொண்டுபோய்க் காட்டுவது என்று முடிவெடுத்திருந்தார்.

திங்கள் மதியம் அம்மா வேலையில் இருந்தபோது பெரியப்பா வந்தார். மூடியில் இருந்த தாளைக் கிழித்தெடுத்து வாசித்தார், அதில் ஏதோ எழுதினார், செபப் புத்தகத்துக்குள் வைத்தார். பழைய மின்மாற்றியையே வைத்துப் பூட்டி, காற்றுத் துளைகளின் மேல் நீலப் பட்டுத் துணியைச் சுற்றினார். ரோச் லைற் பிடித்தவள் நான்.

"கொம்மா ஓம் எண்டவதானே?"

ஓம் என்ற பதிலுக்காகவே கேட்கப்பட்ட கேள்வி அது. "ஓம் பெரியப்பா" என்றேன்.

வேலையால் அம்மா நேரே அந்த வீட்டுக்கு வந்தபோது செபம் தொடங்கிவிட்டது. ஒளிவட்டம் எரிவதைக் கண்டு வாசலிலேயே நின்றார். செபமாலையின் மூன்றாவது தேவ இரகசியத்தில் பாட்டு உறுமத் தொடங்கியது. விளக்குகள் சிவந்து அணைந்தன. மின்மாற்றியின் வாணிஷ் கருகிய மணம் பரவியது.

"தங்கச்சிதான் செய்தவ. எனக்கு உதுகள் விளங்காது" என்று அம்மாவைக் காட்டினார் பெரியப்பா.

வீட்டுக்காரர் பட்டுத் துணியை விலக்கிப் பார்த்தார். "அக்கா, சின்ன ரான்ஸ்போமரில பெரிய சுமை. உது முதல் பாடமெல்லே" என்று சிரித்தார். பின்னால் ஒருவர், "அவவைக் கறியைப் பார்க்கச் சொல்லுங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டில் இருந்த றோல்ஸைப் பார்த்தேன். "ஓம், சின்னன்தான்" என்று மட்டும் சொன்னார். சான்றிதழ் வைத்திருந்த பையை அவர் திறக்கவே இல்லை.

திரும்பும்போது மாதா முன் ஆசனத்தில், நாங்கள் பின்னால். அம்மா எனக்குப் பட்டியைப் போட்டுவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து நான் நிம்மதியாக உறங்கிப்போனேன். தாளை ஒட்டியவருக்கு அது கிழிக்கப்பட்டது தெரியாதா? அன்று வீட்டில் தனியாக இருந்தவள் நான்தான் என்பது தெரியாதா? நாங்கள் குடியிருந்த வீடு பெரியப்பாவின் பெயரில் இருந்தது. என்னைக் கேட்டிருந்தால், அந்த வீட்டுக்குள் நின்று அவரைப் பொய்யர் என்று சொல்ல வேண்டியவள் நானாக இருந்திருப்பேன். இது எனக்கு விளங்கப் பல வருடங்கள் பிடித்தன.

வட்ட மின்மாற்றி சொன்னபடி செவ்வாய் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு ஒளிவட்டம் எரிந்தது, இன்றுவரை எரிகிறது. தானே திருத்தியதாகப் பெரியப்பா சாகும்வரை சொன்னார். அம்மா மறுக்கவுமில்லை, அதன்பின் ஈயப்பற்றுக் கோலைத் தொடவுமில்லை. பீடத்துக்குள் இருப்பது அவர் தெரிந்தெடுத்த வட்டமானதுதானா, அதைப் பூட்டியது யார் என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.