இடது காலில் குண்டடி பட்ட சிப்பாய்

மேஜர் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் கணவன்தான். மற்றபடி ராணுவத்துக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவள் ஒரு மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். கால் முறிந்தவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள், குளியலறையில் வழுக்கியவர்கள் எல்லோரையும் மறுபடி நடக்க வைப்பது வேலை. கீழ்த்தளத்து வராந்தாவின் கோடியில் அவளுடைய அறை. இடுப்பு உயரத்தில் இரண்டு கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி, தரையில் ஒரு மஞ்சள் கோடு, ஏறி இறங்கிப் பழகுவதற்காக எங்கும் போய்ச்சேராத ஒரு குட்டிப் படிக்கட்டு. அந்த அறைக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவார்கள். அவள் சிரித்துப் பேசியே வேலை வாங்கிவிடுவாள்.

கணவனுக்குச் சொந்தமாக ஒரு பேக்கரி. விடியுமுன்னே மாவு பிசையப் போய், மதியம் வீடு திரும்புகிறவன். அவன்தான் ஒருநாள் ஆசையாகக் கணினியில் ஒரு விளையாட்டை வாங்கிப் போட்டான். இரண்டாம் உலகப் போர். கையில் ஒரு சிறு படை. எதிரே ஒரு சின்ன ஊரும் அதன் பாலமும். செஸ் மாதிரி முறை வைத்து ஆட வேண்டும். நம் ஆட்களை நாம் நகர்த்தியதும் எதிரி தன் ஆட்களை நகர்த்துவான். கணவன் தன் வீரர்களை எல்லாம் நட்ட நடுத் தெருவில் ஓடவிட்டான். பாலத்தை எட்டிப் பார்ப்பதற்குள் படை காலி. மறுபடி ஆரம்பித்தான். மறுபடி காலி.

விடுமுறை நாளில் துணி மடித்துக்கொண்டிருந்த அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, எதுக்கு எல்லாரையும் நடுரோட்டுல விடறீங்க? பஸ் பிடிக்கவா ஓடறாங்க? அந்தச் சுவரோரமா அனுப்புங்க."

"பக்கத்துல நின்னு பார்க்கறவங்களுக்கு எல்லாமே சுலபம்தான். வா, நீயே உட்காரு."

உட்கார்ந்தாள். எழுந்தபோது டீ ஆறி ஏடு படிந்திருந்தது. மடிக்காத துணி மடிக்காதபடியே கிடந்தது. பாலம் அவள் கையில் இருந்தது. கணவன் விறைப்பாக நின்று, "உத்தரவு, மேஜர்!" என்று சல்யூட் அடித்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

சுட்டுத் தள்ளுவதில் அவளுக்குப் பெரிய நாட்டமில்லை. ஒருவன் இங்கிருந்து எவ்வளவு தூரம் போக முடியும், போகும்போது யார் அவனுக்குக் காவல், திரும்பி வர வழி உண்டா என்று யோசிப்பதுதான் பிடித்தது. யோசிக்க யோசிக்க நேரம் போவதே தெரியவில்லை. கணவனும் வாங்கிய காசு வீண் போகவில்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டான்.

அப்படி ஆடிக்கொண்டிருந்த ஒருநாள் அவளுடைய சிப்பாய் ஒருவனுக்கு இடது காலில் குண்டு பட்டது. அவன் ஒரு கோலை ஊன்றி நொண்டிக்கொண்டே ஒரு வீட்டுக்குள் போனான். அவள் திரையருகே குனிந்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். இவன் நடக்கறதைப் பாருங்க."

"நொண்டறான். காலுல அடிபட்டா நொண்டமாட்டானா?"

"தப்பா நொண்டறான்! அடிபட்ட கால்ல ஆற அமர நின்னுக்கிட்டு நல்ல காலை இழுத்துட்டுப் போறான். யாராவது அப்படி நடப்பாங்களா? வலிக்கிற காலைத் தரையில வெச்ச உடனே எடுத்துடத்தான் பார்ப்பாங்க. கோலையும் தப்பான கையில பிடிச்சிருக்கான்!"

கணவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அவளுக்கு அது பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி ஆகிவிட்டது. எந்த ஆட்டத்தை ஆடினாலும் கண் அந்த நொண்டலிலேயே போய் நின்றது.

அந்த விளையாட்டைச் செய்தவர்கள், வேண்டியவர்கள் உள்ளே புகுந்து மாற்றிக்கொள்ளட்டும் என்று வழி விட்டிருந்தார்கள். அப்படிச் செய்யும் மாற்றத்துக்கு மாட் என்று பெயர். மாட் செய்கிறவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் இடம் ஒன்று உண்டு. டாங்கிச் சக்கரத்தில் எத்தனை ஆணி, ஹெல்மெட்டின் பச்சை எந்தப் பச்சை என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள். அங்கே போய், காயம்பட்டவர்களின் நடை தலைகீழாக இருக்கிறது என்று எழுதினாள். 'இது போர்க்களம், ஆஸ்பத்திரி இல்லை' என்று ஒருவர் பதில் போட்டார். 'போர்க்களத்திலிருந்து நேராக அங்கேதானே வருகிறார்கள்' என்று அவள் எழுதினாள்.

அந்தப் பதிலை ரசித்த ஒருவர் அவளுக்குத் தனியாக எழுதினார். அங்கே அவருக்கு ஆமை என்று பெயர். தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில் வரைபடம் போடுகிறவராம். 'நடையை நீங்கள் செய்து கொடுங்கள். அதை விளையாட்டுக்குள் ஏற்றுவது என் பொறுப்பு' என்றார். எப்படிச் செய்வது என்றும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முதலில் ஒருவர் நடப்பதை வீடியோ எடுக்க வேண்டும். பிறகு கணினியிலுள்ள பொம்மையின் இடுப்பு, முட்டி, கணுக்கால் ஒவ்வொன்றையும் அந்த வீடியோவுக்கு ஒப்ப நகர்த்திக்கொண்டே வர வேண்டும். கண் நோகும் வேலை.

முதலில் கணவனை வைத்துத்தான் எடுத்தாள். மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பது, தரையோடு தவழ்வது எல்லாம் அவனுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி வந்தது. நொண்டுவது மட்டும் வரவில்லை. இடது காலில் தொடங்குவான், கூடம் முடிவதற்குள் வலது காலுக்கு மாறிவிடுவான்.

"எந்தக் கால்ல அடி?" என்று கேட்பாள்.

"அதை நீதானே சொல்லணும்?" என்பான்.

இந்த நிலையில்தான் அவளுடைய அறைக்கு ஒரு கால்பந்து நடுவர் வந்து சேர்ந்தார். ஆட்டத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடியவர், விளம்பரப் பலகை தடுக்கி விழுந்ததில் இடது முட்டிச் சில்லு உடைந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து முட்டி தேறியிருந்தது. ஆனால் மனுஷன் தேறவில்லை. தான் விழுந்தபோது இரண்டு அணி ரசிகர்களும் ஒற்றுமையாகக் கைதட்டினார்கள் என்பது வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது. பயிற்சி என்றாலே உதட்டைப் பிதுக்கினார்.

"மைதானம் பூரா ஓடினவன் மேடம் நான். என்னைப் போய்க் கம்பியைப் பிடிச்சுட்டு நடன்னா எப்படி?"

"ஓடணும்னா முதல்ல நடக்கணும் சார்."

"நாளைக்கு நடக்கறேனே."

நாளை என்பது வரவேயில்லை. ஆனால் அவர் எடுத்து வைத்த அந்தச் சில அடிகளைப் பார்த்ததுமே அவளுக்குப் பொறி தட்டியது. இடது கால், சரியான நொண்டல், நிமிர்ந்த உடம்பு. பிரிவின் தலைமை மருத்துவரிடம் கேட்டாள். முகம் தெரியக்கூடாது, நோயாளி மனதார ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுமதி கொடுத்தார். நடுவரிடம் விஷயத்தை உடைத்தாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விளையாட்டுல நான் வருவேனா?"

"உங்க நடை வரும்."

"சரி. ஒரே ஒரு கண்டிஷன். என்னைச் சாதா சிப்பாயா போடக்கூடாது. சார்ஜென்டாவது ஆக்கணும்."

"நடை எல்லாருக்கும் பொது சார். சிப்பாயோ சார்ஜென்டோ, இடது கால்ல அடிபட்டா உங்களை மாதிரிதான் நடப்பான்."

"எதிரியுமா?"

"எதிரியும்தான்."

கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். நடுவர்னா ரெண்டு பக்கமும் பொதுதானே?"

அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். படம் எடுக்கும் முன் முட்டியை மடக்கி நீட்டி உடம்பைச் சூடேற்ற வேண்டும் என்றாள், செய்தார். கம்பியோரம் நடந்தார், மஞ்சள் கோட்டில் நடந்தார், திரும்பச் சொன்னால் திரும்பினார். "இந்த டேக் சரியில்லை மேடம், இன்னொரு தடவை போலாம்" என்று அவரே கேட்டு வாங்கி நடந்தார். வீட்டிலும் ஒத்திகை பார்ப்பதாக அவர் மனைவி தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். கடைசியாகப் படி இறங்குவதையும் எடுத்து முடித்தார்கள். நடுவர் தன் மனைவியோடு மாமனார் வீட்டுக்குக் கிளம்பிப் போனார். பயிற்சியை அங்கேயும் விடக்கூடாது என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

வீட்டில் உட்கார்ந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தபோதுதான் தலையில் கைவைத்தாள். படி இறங்கும் காட்சியின் நடுவே, துவைத்த துணி வண்டியைத் தள்ளி வந்த ஊழியர் கேமராவின் முன்னால் வண்டியை நிறுத்தி யாரிடமோ நிதானமாகக் கதை பேசியிருக்கிறார். மேல்படியில் நடுவர் தெரிகிறார். கீழ்ப்படியில் நடுவர் தெரிகிறார். நடுவே முழுக்கப் போர்வைகள். சரி, திரும்பி வந்ததும் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்தார். கதவைத் திறந்து, மஞ்சள் கோட்டின் மேல் விறுவிறுவென்று நடந்து வந்து அவள் முன்னால் நின்றார். நொண்டல் போன இடம் தெரியவில்லை. எந்த பிசியோவும் துள்ளிக் குதிக்க வேண்டிய நடை அது. அவளுக்கோ முகம் தொங்கிவிட்டது.

"என்ன மேடம்? தப்பா நடக்கறேனா?"

"இல்ல சார். ரொம்ப நல்லா நடக்கறீங்க."

"அதை இழவு வீட்டுல சொல்ற மாதிரி சொல்றீங்களே!"

மறைக்க முடியாமல் போர்வை வண்டிக் கதையைச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பேஷண்ட் நொண்டலையேன்னு கவலைப்படற பிசியோவை இன்னைக்குத்தான் பார்க்கறேன். இந்தாங்க!" என்று சட்டைப் பையிலிருந்து, தப்பாட்டம் ஆடுகிறவர்களுக்குக் காட்டும் மஞ்சள் அட்டையை உருவி நீட்டினார். பிறகு, அவளுக்காக நொண்டிக் காட்டவும் செய்தார். வலி எல்லாம் முகத்தில் இருந்தது, காலில் ஒன்றுமில்லை. இருவரும் சேர்ந்து சிரித்ததில் அடுத்து வந்த நோயாளி அறை மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பலகையைப் படித்தார்.

வேறொருவரை வைத்து எடுக்கவும் மனம் வரவில்லை. படிக்கட்டு வந்ததும் சிப்பாய் ஆள் மாறிவிட்டது போல இருக்கும். சாப்பிடும்போது கணவனிடம் புலம்பினாள்.

"தனியா இறங்கத்தான் படம் இல்லை. யாராவது கூட வந்து தோள் குடுத்தா?" என்றான் அவன், ரொட்டியைப் பிய்த்தபடி.

அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். "நானும் முதல் தடவை யாரையும் படியில தனியா விடறதே இல்லை. கூடவே ஒருத்தர் இறங்கணும். இது எனக்கு எப்படித் தோணாம போச்சு?"

"மேஜருக்கு எல்லாமே தோணிட்டா அப்புறம் நாங்க எதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு மாடிப்படியில் படப்பிடிப்பு. தோளில் தொங்கி இறங்குகிறவனுக்குத் தனக்கென்று ஒரு நடை கிடையாது என்பதால் இந்த முறை காயம்பட்டவன் கணவன். நொண்டி நடிக்க வேண்டாம் என்று, முட்டியை மடக்கவே விடாத நீளமான பட்டையை அவன் இடது காலில் இறுக்கிக் கட்டிவிட்டாள். தோள் கொடுக்க நடுவர். கணவனின் கனம் நிஜமாகவே அவர்மேல் சாய்ந்ததால் இருவருக்குமே நடிக்க அவசியம் இல்லாமல் போனது. பாதிப் படியில் தடால் புடாலென்று சத்தம் கேட்டு, மாடியில் குடியிருந்த கணவனின் அக்கா கதவைத் திறந்தாள். காலில் கட்டோடு தம்பி, முன்பின் தெரியாத ஒருவர் தோளில் தொங்கிக்கொண்டிருக்கிறான்.

"ஐயையோ! டேய், என்னடா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா. குண்டு பட்டிருச்சு."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைப் புரியவைப்பதற்குள் மேஜருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. புரிந்ததும் அக்கா எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏம்மா, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? சார், சும்மா தோளை மட்டும் குடுத்தா ஆகாது. இடுப்பைச் சேர்த்துப் பிடிங்க. பேக்கரிக்காரன், கனம் ஜாஸ்தி! டேய், நீ ஏன் சிரிக்கிற? குண்டு பட்டவன் சிரிப்பானா?"

அதன்பின் அன்றைய டைரக்டர் அக்காதான். அவள் சொன்னபடி இடுப்பைப் பிடித்து எடுத்த படம்தான் மிக நன்றாக வந்தது.

ஆமை அதை விளையாட்டுக்குள் ஏற்றினார். கூடவே ஒரு விதியும் சேர்ந்தது. காலில் அடிபட்டவன் மாடியில் இருந்தால் தானாக இறங்க முடியாது. இன்னொருவன் ஏறிப்போய்த் தோள் கொடுத்துக் கூட்டிவர வேண்டும். படம் கிடைக்காத குறைக்காக வைத்த அந்த விதி ஆட்டத்தையே மாற்றிவிட்டது. மாட் வெளியானதும் முதலில் முணுமுணுப்புதான். வேகம் போய்விட்டது, ஒரு ஆளுக்காக இன்னொரு ஆளையும் இழக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். பிறகு கடிதங்களின் தொனி மாறியது. முன்பெல்லாம் காயம்பட்டவனை மறந்துவிட்டு முன்னேறிவிடுவேன், இப்போது தெருவைப் பிடிப்பதற்கு முன் மாடியில் யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்கிறேன் என்று ஒருவர் எழுதினார். ஆஸ்பத்திரி இல்லை என்று எழுதியவரும் வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வலது காலுக்கும் நடை எப்போது வரும் என்று மட்டும் கேட்டார். அவள் அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

மாட் முகப்பில் யார் யார் பெயரைப் போடுவது என்று ஆமை கேட்டார். நடுவர், பேக்கரிக்காரர், மாடிவீட்டு அக்கா, துணிவண்டிக்காரர் என்று எழுதி அனுப்பினாள். தன்னை மறந்துவிட்டாள். ஆமைதான் மேலே 'மேஜர்' என்று சேர்த்தார்.

நடுவர் மறுபடி மைதானத்துக்குப் போய்விட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் இல்லையென்றால் அவர்கள் வீட்டுக்கு வந்து அதே விளையாட்டில் அவளுக்கு எதிரியாகப் போர் புரிவார். பக்கத்தில் கணவன் சூடான பன் தட்டோடு உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் யோசனை சொல்வான். நடுவர் விதிகளை எல்லாம் கரைத்துக் குடித்தவர். ஆனாலும் தோற்றுக்கொண்டே இருந்தார். யாருக்காவது காலில் அடிபட்டால் போதும், பாலத்தை அப்படியே விட்டுவிட்டுப் பாதிப் படையை அந்த ஒருவனுக்காகத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"சார், ஒருத்தனைக் கூட்டிவர ஒருத்தன் போதும். இத்தனை பேர் எதுக்கு?" என்று அவள் கேட்டாள்.

"அது என் கால் மேடம்," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க பாலத்தை எடுத்துக்குங்க. டேய் சார்ஜென்ட், பார்த்து இறங்கு."