மூட்டை பார்ப்பவர்களைப் பார்த்த கதை

சர்க்கரை மூட்டையில் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் எல்லா ஆலையிலும் உண்டு. அவர்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று பார்ப்பது என் பிழைப்பு. அடுத்தவர் வேலையில் குறை தேடிச் சம்பளம் வாங்கும் என் இனத்தாருக்கு இது புரியும்.

இரண்டு ஜோடிக் கண்கள்

புதுவையில் தமிழும் பிரெஞ்சும் படித்து, பாதி ஆயுளை அங்கேயே கழித்துவிட்டு மொரீஷியசுக்குத் திரும்பிய எனக்கு, லாங் மவுண்டன் பக்கத்து ஆலையில் இந்த வேலையும், பிரெஞ்சு வழக்கப்படி 'முசியே' என்ற மரியாதையும் கிடைத்தன. அப்போதெல்லாம் தாழை ஓலைப் பையில்தான் சர்க்கரை கப்பலேறும். அஞ்சலை தையலைத் தடவிப் பார்த்து அனுப்புவாள். வாசலில் முக்காலி போட்டிருக்கும் முத்தன் மறுபடி பார்த்துச் சுண்ணாம்புப் பொட்டு வைப்பார்.

யாருக்கும் தெரியாமல் ஒரு பையின் அடியைக் கிழித்து வரிசையில் நுழைத்தேன். இருவரையும் தாண்டி வண்டியேறிவிட்டது. அஞ்சலையைக் கேட்டால், "பின்னாடி முத்தண்ணன் பார்ப்பாரே" என்றாள். முத்தனைக் கேட்டேன்.

"அதான் அஞ்சலை முன்னாடியே பார்த்துடுச்சே, முசியே!"

காலி முக்காலி

மறுவாரமே முத்தன் காய்ச்சலில் போய்விட்டார். கருமாதி முடியும்வரை அந்த முக்காலியில் உட்கார ஒருவரும் சம்மதிக்கவில்லை. சுமைகாரர்கள் மட்டும் வழக்கம்போல அதன் முன் நின்று, மூட்டையைத் திருப்பிக் காட்டிவிட்டே வாசலைத் தாண்டினார்கள். வேலை தாமதமாகிறதென்று ஆலைத் துரைக்கு எரிச்சல். இனி ஒரு கிழிசல் வாசலைத் தாண்டினாலும் அஞ்சலைக்கு வேலையும் கிடையாது, பிள்ளைகளோடு குடியிருக்கும், ஆலை கொடுத்த லைன் வீடும் கிடையாது என்றார். சோதனையை நிறுத்தாதே என்று எனக்கும் உத்தரவு.

நான் நுழைத்த கிழிசலையெல்லாம் அவள் பிடித்தாள். தனியாக இருப்பதால் கவனம் கூடிவிட்டதா என்றேன். முக்காலிப் பக்கம் திரும்பாமலே குரலைத் தாழ்த்தினாள்.

"தனியாவா? உசிரோட இருந்தப்ப தூங்குவாரு முசியே. இப்பத்தான் கண்ணைக் கொட்டாம பார்க்கிறாரு."

புது ஆள்

கருமாதிக்கு மறுநாள் துரை குழந்தைவேலுவை முக்காலியில் உட்காரவைத்தார். அன்றைக்கும் ஒரு கிழிசலை நுழைத்தேன். பின்னால் ஆள் வந்துவிட்ட தெம்பில் அஞ்சலையின் கை அதை விட்டுவிட்டது. குழந்தைவேலுவும் பொட்டு வைத்துவிட்டான். மூட்டை இன்னும் ஓரடி நகர்ந்தால் அவளும் பிள்ளைகளும் தெருவில்.

சுமைகாரன் மாடசாமி வாசல் படியில் சட்டென்று நின்றான். யாருக்கோ காட்டுவதுபோல் மூட்டையைத் திருப்பினான். பிறகு இறக்கி வைத்துவிட்டான். "பொட்டு வச்சாச்சேப்பா, ஏன் இறக்கினே?" என்றேன். அவன் முக்காலிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தான்.

"உட்கார்ந்திருக்கிறவரு விட்டுட்டாரு முசியே. பக்கத்துல நிக்கிறவரு விடலை."

மூட்டை வாசல் தாண்டாததால் அஞ்சலையின் வேலை தப்பியது. துரையோ இரண்டு பேர் பார்த்தால்தான் நம்பிக்கை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.