பொறு என்று நான் சொல்லவில்லை

நான் பொய் சொன்னேன். ஒரு முதியவர் வாழ்நாளெல்லாம் காத்த மானத்தை அந்த ஒற்றைப் பொய்யால் பறித்தேன். அது பொய் என்பதை என் மனைவிகூட அறியாள்... இப்போது நீங்கள் அறிகிறீர்கள்.

பிரெஞ்சுத் தலைநகரில், நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தவர் ரெனே. ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஊர் வடக்கே, கடலோரச் சதுப்பு நிலத்தில். அங்கே அவரது வேட்டைக்காரர் சங்கத்துக்கு ஒரு குளம் இருந்தது. ஞாயிறுகளில் கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி நானும் அவரோடு போவேன்.

வேட்டைக்காரர் என்றதும் கொலைகாரர் என்று எண்ணிவிடாதீர்கள்! நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். வருடத்தில் அவர் சுட்டது நாலைந்து வாத்து. மற்ற நாள்களில் இடுப்பளவு சேற்றில் நின்று நாணல் வெட்டினார். மதகுப் பலகையை ஏற்றி இறக்கிக் குளத்து நீரைக் காத்தார்.

"தண்ணி நிண்டால்தான் பறவை இறங்கும். எங்கடை அப்பாமார் சுட்டவை. அதாலை காப்பாத்த வேண்டியதும் நாங்கள்தான்" என்பார். பிரெஞ்சில்தான் சொல்வார், என் காதில் அது நம் பேச்சாகவே விழும்.

அவருக்குத் தூரப் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. காதும் மந்தம். வருகிற பறவை இன்னதென்று நான் சொல்லவேண்டும்; சொன்ன பிறகே சுடுவார்.

எங்கள் ஊரில் யுத்தம் முடிந்து இரண்டாவது குளிர்காலம். விடிந்தும் விடியாத பொழுது, பனிமூட்டம். மறைவுக் குடிசைக்குள் விறைத்துப்போய் இருந்தோம். தாழ்வாக ஒரு நிழல் வந்தது. கழுத்து நீண்டிருந்தது... தெளிவாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாமே! என் கண்ணை ஒருவர் நம்புகிறார் என்ற பெருமை விடவில்லை. "வாத்து!" என்றேன்.

அவர் சுட்டார்.

விழுந்தது கரண்டிவாயன். தூய வெள்ளை உடல், கரண்டிபோல் தட்டையான அலகு... சுடவே கூடாதென்று சட்டம் காக்கும் பறவை. ரெனே அதை மடியில் ஏந்திக்கொண்டு, தானே காவலருக்குத் தொலைபேசினார். ஒளிக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை!

காவலர் வருமுன் மனைவி அழைத்தாள். ரெனே தவறான பறவையைச் சுட்டுவிட்டதை மட்டும் சொன்னேன். "இஞ்சேருங்கோ, நசியோனாலித்தேக்குப் போட்டிருக்கிறம். உங்கடை பேர் ஒண்டிலையும் அடிபட்டிடக்கூடாது!" என்றாள், எங்கள் குடியுரிமை விண்ணப்பத்தை நினைத்து.

காவலர் விசாரித்தார். "பொறுங்கோ எண்டுதான் சொன்னனான்" என்றேன் நான். "அவருக்குக் கேக்கேல்லைப் போல."

ரெனே என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை... தன் காதை மெல்லத் தொட்டுக்கொண்டார். "ஓம், எனக்கு இப்ப சரியாய்க் கேக்கிறேல்லைத்தான்."

சங்கம் அவரை விலக்கியது. வேட்டை அனுமதியும் போயிற்று. அவருக்குப் பிறகு சேற்றில் இறங்க யாருமில்லை. சில வருடங்களுக்குள் நாணல் குளத்தை மூடிவிட்டது. ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்தேன். கிளுவை வாத்துக் கூட்டமொன்று மேலே வட்டமிட்டது. இறங்க நீரில்லை; போய்விட்டது.

எனக்குக் குடியுரிமை கிடைத்தது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் கிடைத்திருக்குமோ? அதை என்னிடம் கேட்காதீர்கள்...

போன பங்குனியில் முதியோர் இல்லத்தில் அவரைப் பார்க்கப் போனேன். சொல்லிவிடுவதென்ற தீர்மானத்தோடுதான் போனேன், நம்புங்கள்! நான் வாய் திறக்குமுன் அவர் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, கனநாளாய்க் கேக்க நினைச்சனான். நீ பொறுங்கோ எண்டு சொன்னனீ. நான் கேளாமல் சுட்டுப்போட்டன். உன்னையும் அந்தச் சோலியிலை மாட்டிவிட்டன். என்னை மன்னிப்பியோ?"

பதிலுக்காக என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன். "மன்னிச்சிட்டன்."

அன்றிலிருந்து அவர் நன்றாக உறங்குகிறாராம், தாதி சொன்னாள். இனி நான் உண்மையைச் சொன்னால் அந்த உறக்கமும் போய்விடும்... சொல்லாவிட்டால்?