மாமா கொண்டுவந்த சீர்

பதினாறு முடிந்தும் எனக்கு மாதவிலக்கு வரவில்லை. அம்மா நர்ஸ். மற்ற வளர்ச்சியெல்லாம் வகுப்புத் தோழிகளைப் போலவே இருந்ததால், "நம்ம வீட்டுல எல்லாருக்கும் லேட்டுதான்" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினார். நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்கு டாக்டரைப் பார்க்க நேரம் கிடைக்காது என்பது உலக வழக்கம்.

ஒருவழியாக, டெல்லி மயூர் விஹாரில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பக்கத்திலிருந்த ஸ்கேன் சென்டருக்குப் போனோம். முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருந்தேன். அடிவயிற்றில் கருவியை அழுத்தி அழுத்தித் தேடிய பெண் கடைசியில் அம்மாவைப் பார்த்து, "ஆபரேஷன் ஹுவா தா க்யா?" என்றாள். என் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களா என்று கேட்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

டாக்டர் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் சேர்த்துக் காட்டி விளக்கினார். வயிற்றிலிருக்கும் பெண் சிசுவுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள் உருவாகுமாம். மேலே அவை கருக்குழாய்களாகத் தனித்தனியே நிற்கும். கீழே ஒன்றுசேர்ந்து கர்ப்பப்பையாகவும் யோனியின் மேல்பகுதியாகவும் ஆகும். எனக்கு அவை சரியாக வளரவே இல்லை. சினைப்பைகள் வேறு இடத்திலிருந்து உருவாகிறவை. அவை நன்றாக வேலை செய்ததால்தான் வெளியே ஒன்றும் தெரியவில்லை. மாதாமாதம் முட்டை வரும், கரு தங்கத்தான் இடமில்லை. ஏன் என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றார். பிறப்பதற்கு வெகு முன்பே முடிந்துபோன ஒன்றுக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அழுதால் எதுவும் வளரப்போவதில்லை என்று தெரிந்தே அழுதேன்.

கொஞ்ச நாளில் நாகர்கோவிலிலிருந்து மாமா போன் செய்தார். வழக்கமான கேள்விதான். அம்மா துளியும் தடுமாறாமல், "பெரியவளாயிட்டா அண்ணே" என்றார். தாய்மாமன் சும்மா இருப்பாரா? பட்டுச்சேலை, வளையல், நேந்திரம் வாழைக்குலை சகிதம் அத்தையோடு ரயிலில் வந்து இறங்கிவிட்டார். ஹாலில் நாற்காலி போட்டு, மாலை போட்டு உட்காரவைத்தார்கள். பாஸ்டர் ஜெபித்தார். அத்தை என் தலையில் கைவைத்து, "நல்ல மாப்பிள கெடைச்சி, கையில பிள்ளையோட நிக்கணும் மக்ளே" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். அம்மாவும் சொன்னார்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பியதும், "கல்யாணம் பேசும்போதும் இப்படித்தான் சொல்லுவியா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"அதுக்குள்ள ஏதாவது வழி பொறக்கும்" என்றார், பாத்திரம் கழுவிக்கொண்டே.

பிறக்கவில்லை. எனக்கு முப்பது தாண்டிவிட்டது. மாமா விடாமல் வரன் பார்க்கிறார், நான் விடாமல் மறுக்கிறேன். டெல்லியில் வளர்ந்த திமிர் என்று ஊரில் பெயர். போன மாதமும் ஒரு வரன். அம்மா வழக்கம்போல போனை என் கையில் திணித்துவிட்டு நின்றார். அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டேன். "மாமா, எனக்குக் கர்ப்பப்பையே கிடையாது. பொறக்கும்போதே இல்ல."

மறுமுனையில் மாமா உடைந்த குரலில், "அப்பம் அன்னைக்கி நாங்க சீர் செஞ்சது என்னத்துக்கு மக்ளே?" என்றார்.

பதில் சொல்ல வேண்டியவர் என் பக்கத்தில்தான் நின்றார். போனை நீட்டினேன். அம்மா வாங்கவில்லை.