இரவல் இல்லாத இறாக்கை

“கையைக் காட்டு பிள்ளை.”

புதுத்தாலிக்கொடி மினுங்க வந்து நிற்கும் பெண் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டுகிறாள். பியாட்றிஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குச் சொறி சிரங்கு பார்க்க வந்த நேர்ஸ் மாதிரிக் குனிந்து பார்க்கிறார். சந்தைக்கடையில் சாப்பிட்ட வடையின் எண்ணெய் விரலில் தெரிந்தால் பின்விறாந்தைப் பைப்படிக்குப் போய்விட்டுத்தான் வரவேண்டும். அங்கே கிடக்கும் சவர்க்காரம் பியாட்றிஸ் வாங்கி வைத்தது. கை சுத்தம் என்று கண்டால் ஜேர்மன் அகராதி, புத்தகம் அடுக்கும் இறாக்கையிலிருந்து இறங்கும். அதுவும் யன்னலோர மேசை வரைக்கும்தான்.

வலிகாமத்தில் ஒரு பிரதேச சபை நூலகம் இது. ஊர்ப் பெயரைச் சொன்னால் சபைக்காரருக்கு முகம் கறுக்கும், விட்டுவிடுவோம். இடப்பக்கம் பத்திரிகைப் பகுதி. அங்கே மரண அறிவித்தல் வாசிப்பதற்கென்றே தினமும் ஒரு கூட்டம் வரும். வலப்பக்கம் இரவல் பகுதி. வாசலுக்கு நேர் எதிரே உசாத்துணைப் பகுதி, அதற்கு முன்னால் ஒரு மேசை, அதற்குப் பின்னால் பியாட்றிஸ். ‘இப்பகுதி நூல்கள் இரவல் வழங்கப்படமாட்டா’ என்று தன் கையாலேயே எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். மானிப்பாயில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவர். பத்துக் கட்டளைகளோடு இதையும் பதினோராவதாகச் சேர்த்துக்கொண்டார்.

உசாத்துணைப் பகுதியில் கலைக்களஞ்சியம் உண்டு, சட்டத் தொகுப்பு உண்டு, தாவரங்களின் பெரிய பெரிய படப் புத்தகங்கள் உண்டு. அவற்றைத் தொடுவது பல்லியும் தூசும் மட்டுமே. ஆட்களின் கை ஓயாமல் படுவது மொழி இறாக்கை ஒன்றில்தான். ஜேர்மன், பிரெஞ்சு, நோர்வேஜியன், டெனிஷ், டச்சு, இத்தாலியன் என்று அகராதிகளும் இலக்கணங்களும் உரையாடல் கைநூல்களும் வரிசையாக நிற்கும். கடைசியில் சிங்களம். அரசாங்க உத்தியோகத்தர்கள் சம்பள ஏற்றத்துக்கான மொழிப் பரீட்சை நெருங்கும்போது வந்து, சிங்கள அகராதியை மருந்து குடிப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுப்பார்கள். பிரெஞ்சுக்கு இளந்தாரிகள். ஜேர்மனுக்குப் பெண்கள். மாப்பிள்ளை அங்கே, பெண்பிள்ளை இங்கே. கல்யாணம் முடிந்து விமானம் ஏறிப் போனவனிடம் போய்ச் சேர முதலாம் படி மொழிப் பரீட்சை பாஸ் பண்ணியாக வேண்டும். தாலி ஏறினாலும் தாண்ட முடியாத வேலி அது.

இத்தனை மொழிக்கும் காவல் இருக்கிற பியாட்றிஸுக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. உச்சியில் இரண்டு புள்ளி வைத்த எழுத்தைக் கண்டாலே தலை சுற்றுகிறது என்பார். “உது இறாக்கை இல்லை, எயாப்போட்” என்பது அவருடைய வாடிக்கையான பேச்சு. “உதிலை இருந்து எழும்பினவை ஒருத்தரும் திரும்பி வந்து இருந்ததை நான் காணேல்லை.”

ஒரு வழக்கம் வைத்திருந்தார். பரீட்சை பாஸ் பண்ணி, விசாவும் கிடைத்து, பயணம் சொல்ல லட்டுப் பெட்டியோடு வரும் பிள்ளையை முன்னால் இருத்தி ஒரு சத்தியம் வாங்குவார். தனக்கென்று ஒன்றும் வேண்டாம், போய்ச் சேர்ந்ததும் இந்த இறாக்கைக்கு ஒரு புத்தகம், பழையதென்றாலும் பரவாயில்லை. எல்லாரும் ஓம் என்பார்கள். சிலர் அழுதுகொண்டும் சொல்வார்கள். ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார். வந்து சேர்ந்தவை சொக்கிளேற், ஷாம்பு, பாதி முடிந்த கைக்கிறீம், பனிக்குள் நின்று எடுத்த படம். சொந்த மகள் மிரியமும் இதே யன்னலோரத்தில் இருந்து பிரெஞ்சு படித்துப் பாரிசுக்குப் போனவள்தான். அவள் அனுப்பியது ஒரு சென்ற் போத்தல். பியாட்றிஸ் அதைத் திறக்கவில்லை. கக்கூசுக்கு அடிக்கலாம் என்று வைத்திருப்பதாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார், அதையும் செய்யவில்லை.

ஒரே ஒருத்தி வாக்கைக் காப்பாற்றினாள். அவள் அனுப்பியது ஒரு ஜேர்மன் – தமிழ்க் கைநூல். அங்கே போய்க் கஷ்டப்பட்ட நம்மவர்கள் சிலர், பின்னால் வருகிறவர்களாவது கஷ்டப்படக் கூடாதென்று தாங்களே எழுதி, அச்சடித்து, தங்களுக்குள் விநியோகித்தது. கடையில் கிடைக்காது. டொக்டரிடம் எப்படிச் சொல்வது, வீட்டுக்காரனிடம் எப்படிக் கேட்பது, பரீட்சையில் எந்த இடத்தில் நம்மவர் சறுக்குவார்கள் என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் அதில் இருக்கிறது. தராசில் வைத்தால் இறாக்கை முழுவதும் ஒரு தட்டு, அந்தப் புத்தகம் ஒரு தட்டு.

அந்தப் புத்தகத்தை நம்பித்தான் தர்சினி வந்தாள். மயிலிட்டிப் பிள்ளை. இராணுவம் திருப்பிக் கொடுத்த பிறகு மீண்டும் போய்க் குடியேறிய காணியில் தகப்பன் இன்னும் கூரை போட்டு முடிக்கவில்லை. புருஷன் ஜேர்மனியில். இரண்டு தடவை கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி இரண்டு தடவையும் பெயில். மூன்றாவதும் போனால் மாப்பிள்ளை பகுதி வேறு யோசிக்கும் என்று மாமிக்காரி கோயில் வீதியில் வைத்தே சொல்லிவிட்டாளாம். யோசிப்பது என்றால் என்ன என்று ஊருக்குத் தெரியும். தாலியைத் திருப்பிக் கேட்பார்கள். போனில் படிக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு அவள் சொன்ன பதில் பியாட்றிஸுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

“போன் சொல்லுற தமிழை விளங்கிறதுக்கே எனக்கு முதல்லை ஜேர்மன் தெரியவேணும்.”

பிடித்துக்கொண்டது என்பதற்காக நாக்கு குறையவில்லை. பென்சிலைக் கடிக்காதே, மேசையில் சாயாதே, படிக்கிறாயா கனவு காண்கிறாயா என்று நாள் முழுக்க அர்ச்சனை. ஆனால் யன்னலோரக் கதிரையில் காலையில் வேறு யாரும் இருந்துவிடாதபடி தன் கைப்பையை அதில் வைத்திருப்பார். மயிலிட்டியிலிருந்து பஸ் மாறி வந்து சேர வெயில் ஏறிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் உதயகலா வந்து இறங்கினார். பதினைந்து வருடத்துக்கு முன்பு லட்டுப் பெட்டியோடு சத்தியம் பண்ணிப் போனவர். இப்போது ஜேர்மனியில் சொந்தமாக இரண்டு கடை. தகப்பன் கனகரத்தினம் போன வருடம் காலமானார். அவருடைய ஆண்டுத்திவசத்துக்கு ஊரில் நிலைத்து நிற்க ஒன்று செய்யவேண்டும் என்று மகளுக்கு ஆசை. மனிதர் நல்லவர்தான். ஆனால் நூலகத்துக்குள் அவர் வந்தது மரண அறிவித்தல் பார்க்கவும் மழைக்கு ஒதுங்கவும்தான்.

கண்ணாடிக் கதவு போட்ட ஆளுயர அலுமாரி ஒன்று வந்தது. உச்சியில் தகப்பனின் படத்துக்கு இடம், கீழே பித்தளைத் தகடு. உள்ளே வைப்பதற்கு, முதுகில் தங்க எழுத்து மின்னும் தடித்த கலைக்களஞ்சியத் தொகுதி. முழுக்க முழுக்க ஜேர்மன் மொழியில். அங்கே இப்போது ஒருவரும் இவற்றை வீட்டில் வைத்திருப்பதில்லையாம், ஒரு கிழவி சும்மா தந்தாள் என்று உதயகலாவே சிரித்துக்கொண்டு சொன்னார். முதலாம் படிக்கே முக்குகிற பிள்ளைகளுக்கு அதில் ஒரு வரி விளங்காது. சபை ஒரே அமர்வில் நன்றி தெரிவித்து அனுமதி கொடுத்தது. அலுமாரி வாசலுக்கு நேரே நிற்கவேண்டும். அதைப் பூட்டித் திறப்பு சபைச் செயலாளரிடம் இருக்கும். அங்கே நிற்கும் மொழி இறாக்கை இடம்விட்டு எழும்பும்.

பியாட்றிஸ் வழக்கமாகப் பேச யோசிப்பவர் அல்ல. அன்று யோசித்து, தன்னை அடக்கிக்கொண்டு, உதயகலாவைத் தனியே கூப்பிட்டு, அலுமாரியை மற்றச் சுவரோடு வைக்கலாமே என்று கேட்டார். இந்த இறாக்கைக்கு முன்னால் இருந்துதானே நீங்களும் படித்தீர்கள் என்றும் நினைவூட்டினார்.

“மறப்பனே அக்கா?” உதயகலாவின் கண் உண்மையாகவே கலங்கியது. “அதாலைதானே இந்த இடமே வேணுமெண்டு கேட்டனான்.”

வஞ்சகம் செய்கிறவளோடு மல்லுக்கட்டலாம். பாசத்தில் கண் கலங்கி நிற்கிறவளோடு எந்தக் கட்சியில் நின்று வழக்காடுவது? அலுமாரியைப் பூட்டாமலாவது விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். அப்பாவின் படம் இருக்கிற இடம், கண்டவர்களும் கை வைப்பது சரியில்லை என்றார் உதயகலா. போகும்போது பியாட்றிஸின் கையில் ஒரு பெட்டி சொக்கிளேற்றை வைத்துவிட்டுப் போனார்.

அலுமாரியின் திறப்புவிழாவுக்கு முதல்நாள் சபையிலிருந்து சுரேஸ் வந்தான். களஞ்சியப் பொறுப்பாளன், மரியாதையான பெடியன். இறாக்கையில் நல்ல நிலையில் உள்ள புத்தகங்கள் புதுக் கட்டடம் வரும்வரை களஞ்சிய அறைக்குப் போகவேண்டும். பழுதானவற்றைக் கழிவு என்று பதிந்து, விரும்பியவர்கள் கொண்டுபோக விட்டுவிடலாம் என்பது உத்தரவு. களஞ்சிய அறையைப் பியாட்றிஸுக்குத் தெரியும். போன மாரிக்கு அங்கே போட்ட வருகைப் பதிவுகளைப் பிறகு மண்வெட்டியால் வழித்து எடுத்தார்கள். கறையான் எந்த மொழியும் படிக்கும். புதுக் கட்டடம் என்பது ஒவ்வொரு தேர்தலுக்கும் அத்திவாரக் கல் வைக்கப்படுகிற ஒன்று.

தர்சினி வழமைபோல வந்து, யன்னலோரக் கதிரையைக் காணாமல் விறாந்தைத் தூணோடு நின்றுகொண்டிருந்தாள். பரீட்சை அடுத்த மாதம். மேசையும் கதிரையும் கழுவி அடுக்கியாகிவிட்டது. வெளியே மைக் கட்டுகிறவன் ஹலோ ஹலோ என்று ஊரையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சுரேஸின் கையில் ஜேர்மன் – தமிழ்க் கைநூல் வந்தபோது பியாட்றிஸ் எழுந்து பக்கத்தில் போனார். அதை மட்டும் இந்தப் பிள்ளையிடம் பரீட்சை முடியும்வரை கொடுத்துவிடலாமா, தான் கையெழுத்து வைக்கிறேன் என்று கேட்டார். யாரிடமும் கெஞ்சிப் பழகாத குரல். கேட்கும்போது அது கட்டளை மாதிரித்தான் வந்தது. சுரேஸ் சங்கடப்பட்டான். சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்தான்.

“இரவல் இல்லையெண்டு நீங்கள்தானே எழுதி வைச்சிருக்கிறியள் மிஸ். நான் எப்பிடி விடுறது? கிழிஞ்சு கிடந்தாலும் பரவாயில்லை, கழிவிலை போட்டுக் குடுத்திடலாம். இது கல்லுமாதிரிக் கிடக்கு. எத்தினை பேர் எடுத்த புத்தகம், இப்பிடியும் ஒருத்தர் வைச்சிருக்கிறதோ?”

பாராட்டாகத்தான் சொன்னான். பியாட்றிஸ் சாக்கை எட்டிப் பார்த்தார். டெனிஷும் நோர்வேஜியனும் டச்சும் ஏற்கனவே சாக்குக்குள் போயிருந்தன; ஒன்றின் ஓரமும் மடிந்திருக்கவில்லை. கழிவுக் குவியலில் கிடந்தவை இரண்டே இரண்டு, அட்டை போன சிங்கள அகராதியும் எலி கடித்த ஒரு வரைபடப் புத்தகமும். பழுதாகக் கிடந்தவற்றுக்கு வீடு கிடைக்கப்போகிறது. பத்திரமாக இருந்தவற்றுக்குக் கறையான்.

“தாங்கோ” என்றார்.

சுரேஸ் கைநூலைக் கொடுத்தான். பியாட்றிஸ் அதைத் திருப்பிப் பார்த்தார். வந்த புதிதில் ஒட்டு விட்டுக்கொண்டு போன புத்தகம் அது. அச்சகத்துக்குக் கொடுத்தால் நாள் இழுபடும் என்று, சப்பாத்து தைக்கிறவனிடம் மெழுகுநூல் வாங்கி, அவர்தான் ஒரு முழுச் சனிக்கிழமையும் இருந்து தைத்து, தடித்த அட்டையும் போட்டிருந்தார்.

நடுவில் விரித்துத் தன் மேசையில் கவிழ்த்தார். இடக்கையால் தாள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையால் அட்டையை மேலே இழுத்தார். தையல் விடவில்லை. சுரேஸ், “மிஸ், மிஸ்” என்றான். தூணடியில் நின்ற தர்சினி ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டாள். பியாட்றிஸ் புத்தகத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து மறுபடி இழுத்தார். நூல் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு வந்தது. அட்டை ஒரு கையிலும் தாள்கள் மறு கையிலுமாகக் கழன்ற பிறகும் திருப்திப்படாமல், முகப்புத் தாளையும் நடுவால் கிழித்தார்.

பிறகு எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிபார்த்து, கழிவுக் குவியலின் மேல் வைத்தார்.